கொம்பு பிரித்த சீலை

பன்னிரண்டு பிர்க்காக்களும் ஆளுக்கொரு தொங்குசீலை தைத்துக் கால்நடைக் கண்காட்சிப் பந்தலில் மாட்ட வேண்டும் என்று கமிட்டியிலிருந்து தாக்கீது வந்தது. எந்தப் பிர்க்காவுக்கு எந்தச் சின்னம் என்பதையும் அவர்களே அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். மேச்சேரிக்கு ஆடு. அதில் யாருக்கு ஆட்சேபம்? மேச்சேரி என்றால் ஆடு என்பது சேலம் ஜில்லாவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். மணியக்காரர் வேலையைக் குஞ்சம்மாளிடம் ஒப்படைத்தார். பழஞ்சேலைகளை மூன்றாக அடுக்கி அவள் தைக்கும் போர்வைகளுக்கு அந்த வட்டாரத்தில் அப்படிப் பேர்.

ஆட்டின் நிறத்துக்குத்தான் ஒரு வாரம் அல்லாடினாள். கடைத்துணி ஒன்று மஞ்சளடித்தது, இன்னொன்று செங்கல்லாக இருந்தது. கடைசியில் கணவன் செங்கோடனின் பழைய வேட்டியைக் கிழித்து, தோல் பதனிடுகிறவர்கள் போடும் ஆவாரம்பட்டைச் சாற்றில் முக்கினாள். மூன்றாவது முக்கலில் நிறம் வந்தது. துணியைப் பட்டிக்குத் தூக்கிப்போய் ஓர் ஆட்டின் முதுகில் போட்டுப் பார்த்தாள். ஆடு எது, துணி எது என்று தெரியவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வம்பு கொம்பில் இருந்தது. அச்சடித்த தாளில் ஆட்டுக்கு இரண்டு முறுக்குக் கொம்புகள். படம் வரைந்த புண்ணியவான் எந்த ஊர் ஆட்டைப் பார்த்தாரோ, மேச்சேரி ஆட்டில் கிடாவுக்குக்கூடக் கொம்பு கிடையாது. இதை அவள் சொன்னதும் செங்கோடன் பயந்துபோனான். சீலை குறையில்லாமல் வரும் என்று மணியக்காரரிடம் வாக்குக் கொடுத்தவன் அவன். தாளில் உள்ளபடி இல்லாததை மாட்டமாட்டோம் என்று தாக்கீதிலேயே எழுதியிருந்தது. பதினோரு சீலைகள் தொங்க, மேச்சேரியின் கம்பம் மட்டும் மொட்டையாக நிற்குமே என்று அவன் புலம்பிய புலம்பலுக்கு இரங்கி, கறுப்புத் துணியில் கொம்பு வெட்டி வைத்துத் தைத்தாள்.

தைத்தாளே தவிர, மனம் ஒப்பவில்லை. பிறந்த நாளிலிருந்து ஆட்டோடு கிடந்தவள், ஊரறியப் பொய் தைத்துவிட்டோமே என்று குமைந்தாள். கண்காட்சிக்கு முதல் நாள் காலையில் ஊசியும் கையுமாக உட்கார்ந்தாள். வெயில் ஏறுவதற்குள் இரண்டு கொம்புகளும் மடியில் கிடந்தன. செங்கோடன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஏ புள்ளே, மாட்டமாட்டோம்னு சொல்லிப்போட்டாங்கன்னா?"

"சுருட்டிக்கிட்டு ஊட்டுக்கு வாரேனுங்க. இல்லாததை ஒட்டி இதுதான் மேச்சேரின்னு தொங்கவுட என்னால ஆகாதுங்க."

மறுநாள் பந்தலில் கமிட்டிக் காரியதரிசி ஒவ்வொரு சீலையையும் தாளோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மேச்சேரியிடம் வந்ததும் அவர் விரல் ஆட்டின் தலைக்கு மேல் நின்றது. அங்கே ஊசித் துளைகள் வளைவாகத் தெரிந்தன. கொம்பு விழுந்துவிட்டதா என்று கேட்டார். செங்கோடன் தரையைப் பார்த்தான்.

"உழுவலீங்க சாமி, நாந்தான் பிரிச்சேன். எங்க ஆட்டுக்குக் கொம்பு இல்லீங்க. தாளுதான் தப்புங்க."

காரியதரிசியின் முகம் சிவந்தது. சீலையை ஒதுக்கி வைக்கச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், பரிசுக்கு வந்த மேச்சேரிக் கிடாக்கள் இருபதும் பின்னாலேயே கட்டியிருப்பதாகவும், ஒன்றுக்காவது கொம்பு இருந்தால் நின்ற நிற்பில் தைத்துக் கொடுத்துவிடுவதாகவும் குஞ்சம்மாள் சொன்னாள். மனிதர் வீம்புக்காரர், போனார். கிடா கிடாவாகத் தலையைத் தடவினார். கிடா பிடித்து நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். பதினோராவது கிடாவோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்தவர் தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தார். மேச்சேரிச் சீலையை நடுக்கம்பத்தில் மாட்டச் சொல்லி ஏணி கொண்டுவர ஆளனுப்பினார். சும்மா சொல்லக்கூடாது, தோற்றாலும் ஒழுங்காகத் தோற்கத் தெரிந்த மனிதர்.

செங்கோடனுக்கு இப்போது தலைகால் புரியவில்லை. ஏணியில் தானே ஏறுவேன் என்று அடம்பிடித்து ஏறினான். பாதியில் நின்று, ஊசித் துளை பளிச்சென்று தெரிகிறதே, மேலே ரெண்டு தையல் போட்டு மறைத்துவிடலாமே என்று கேட்டான்.

குஞ்சம்மாள் அண்ணாந்து பார்த்தாள். நெஞ்சு நிறைந்து கிடந்தது.

"இருக்கட்டுங்க. பயந்து வெச்சதும் நாமதான், துணிஞ்சு எடுத்ததும் நாமதான். ரெண்டையும் ஊரு பாக்கட்டும்."