மாலை போட்ட குரூப் போட்டோ

உல்ரிகா மிஸ்ஸுக்கு எதைப் பார்த்தாலும் கேட்டாக வேண்டும். புது லாரியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எதற்கு, கட்டி முடியாத வீட்டு வாசலில் தொங்கும் பூசணிக்காய்க்கு மீசை எதற்கு, தும்மினால் ஏன் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்காருகிறீர்கள். ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஜெர்மனியிலிருந்து வந்தவர், பாடம் பாதி விசாரணை பாதி என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. காரணம் தெரியாது, ஆனால் பதில் சொல்லாமல் விடமாட்டார்கள். அடையாறு சிக்னல் பக்கத்து மாடியில் நடந்த அந்த வகுப்பில், மயிலாப்பூர் சாய்சரண் ஒரு காரணம் சொல்வான், திருவல்லிக்கேணி ரூஹி அதை மறுத்து இன்னொன்று சொல்வாள். மிஸ் இரண்டையும் நம்பிவிடுவார்.

தமிழ்நிலா இந்தச் சர்ச்சைகளில் சேரமாட்டாள். நைட் டியூட்டி முடித்துவிட்டு வருகிற நர்ஸுக்குப் பூசணிக்காய் மீசையில் என்ன அக்கறை இருக்கும்? பரீட்சையில் தேறிவிட்டாள், ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகிவிட்டது, விசாவும் வந்தாயிற்று. வராதது அம்மாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தைதான்.

முனியம்மாள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். புருஷன் பொன்னுரங்கம் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனவர். சிரித்துக்கொண்டே போனவரைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். அப்போது தமிழ்நிலா சின்னப் பெண். அதற்குப் பிறகு ஆற்றோரத்து வீட்டை இடித்தார்கள், பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எல்லாவற்றையும் முனியம்மாள் தாங்கிக்கொண்டாள். விமானம் என்ற பேச்சை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. கேட்காமலே கிளம்பிவிட மகளுக்கும் மனசு வரவில்லை.

"உங்க மிஸ்ஸு ஊருக்குப் போற பார்ட்டிக்கு நானும் வர்றேன்," என்று கடைசியில் ஒருநாள் முனியம்மாள் சொன்னாள். "அவங்க மூஞ்சப் பாத்து ரெண்டு வார்த்தை பேசணும். அப்பால சொல்றேன்."

மிஸ்ஸை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பொங்கல் சமயத்தில் ஒரு தடவை பெரும்பாக்கம் வீட்டுக்கு வந்து, தரையில் சம்மணம் போடத் தெரியாமல் அவஸ்தைப்பட்டு, சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்தான். அன்றைக்கும் ஆயிரம் கேள்வி கேட்டார். சுவரில் மாலையும் குட்டி பல்புமாக இருந்த பொன்னுரங்கத்தைப் பார்த்து, யார் என்றார். அப்பா என்றாள் தமிழ்நிலா. எங்கே இருக்கிறார் என்றார். குவைத்துக்குப் போனார் என்றாள். மீதியைச் சொல்ல அப்போது அவளிடம் ஜெர்மன் போதவில்லை. மாலையைப் பார்த்தால் தெரியாதா என்று விட்டுவிட்டாள். முனியம்மாள் பாட்டுக்குப் படத்தைத் துடைத்து, "மிஸ்ஸு வந்துகீறாங்க பாரு" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பார்ட்டி அன்று முனியம்மாள் கல்யாணங்களுக்குக் கட்டுகிற பச்சைப் புடவையில் வந்தாள். பஸ் அடையாறை நெருங்கியபோது வழக்கம்போல ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி, "அதோ, அங்கதான் நம்மூடு" என்றாள்.

மாடிப்படி ஏறி உள்ளே போனார்கள். சாய்சரண் கேசரி டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றான். ரூஹி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எல்லோரும் கரும்பலகைப் பக்கம் பார்த்தார்கள். அங்கே, மேஜைமேல், போன மாதம் எடுத்த குரூப் போட்டோ பெரிய கண்ணாடிச் சட்டத்தில் நின்றது. அதற்கு ஒரு கனமான சம்பங்கி மாலை. சட்டத்துக்கு மேலே குட்டி பல்பு, சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. முன்வரிசை நடுவில் தமிழ்நிலா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தப் பேரும் போய்ச் சேர்ந்தாச்சு," என்று சாய்சரண் மெதுவாகச் சொன்னான். "மிஸ்ஸும் சேர்த்துதான், அவாளும் போட்டோல இருக்கா." சொல்லிவிட்டுப் பின்னால் முனியம்மாள் நிற்பதைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து உல்ரிகா மிஸ், கையில் ஊதுபத்திக் கட்டோடு உள்ளேயிருந்து வந்தார். தீப்பெட்டி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். மயிலாப்பூர் குளத்தங்கரையில் படத்தின் அளவைக் கையால் காட்டி மாலை வாங்கினாராம். பூக்காரம்மா ரொம்ப அன்பாக அவர் தோளைத் தடவிக்கொடுத்தாராம். அதையும் சந்தோஷமாகச் சொன்னார். ஒருத்தரும் சிரிக்காததைப் பார்த்துத்தான் பேச்சை நிறுத்தினார்.

சாய்சரண் மாலையை எடுக்கப் போனான்.

"இரு நைனா," என்றாள் முனியம்மாள். குரல் உயரவே இல்லை. மகளைப் பார்த்தாள். "செத்தவங்களுக்குப் போடற மாலைய எம்பொண்ணுக்கு ஏன் போட்டாங்கன்னு கேளு."

அம்மாவின் பதில் என்னவென்று தமிழ்நிலாவுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. போச்சு. மாலையைப் போட்டவர் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இந்தக் கேள்வியை மிஸ்ஸிடம் கொஞ்சம் மழுப்பிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தமிழ்நிலா உள்ளது உள்ளபடி கேட்டுவிட்டாள்.

மிஸ்ஸின் முகம் வெளிறிப்போயிற்று. ஊதுபத்தியைக் கீழே வைத்தார். ஊரில் எலுமிச்சம்பழம் முதல் எல்லாவற்றையும் கேட்டவர், இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்துவிட்டார்.

"அப்படியானால் உன் அப்பா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். தமிழ்நிலா தலையை ஆட்டினாள்.

பிறகு மிஸ் பேசினார். ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழ்நிலா அம்மாவுக்குச் சொன்னாள்.

"நம்ம வீட்டுல பாத்தாங்களாம். நீ போட்டோவைத் தொடைச்சு, பூ வெச்சு, அன்னன்னைக்கு நடந்ததை அப்பாகிட்ட சொல்றதை. தூர தேசத்துல இருக்கிறவங்களை இந்த ஊர்ல இப்படித்தான் கூடவே வெச்சுக்கறாங்கன்னு நெனைச்சுட்டாங்களாம். அவங்க ஊர்ல யாரும் யாரையும் இப்படி வெச்சுக்கறதில்லையாம். தானும் எங்களை இப்படி வெச்சுக்கணும்னு ஆசைப்பட்டாங்களாம். இதே மாதிரி இன்னொரு போட்டோவை ஊருக்கு எடுத்துட்டுப் போறாங்களாம். தெனம் காலைல எங்ககிட்ட பேசணும்னு இருந்தாங்களாம்."

"அவங்களுக்கு வீட்ல யாரு கீறாங்க?"

தமிழ்நிலா கேட்டாள். "யாரும் இல்லையாம்."

முனியம்மாள் படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். "திரும்பி வராதவங்களுக்குத்தான் பூ போடுவோம்," என்றாள். "சொல்லு."

சொன்னாள். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு கேட்டும்விட்டார். அழுகையிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "திரும்பி வருகிறவர்களின் போட்டோவுக்கு என்ன செய்வீர்கள்?"

எதற்கெடுத்தாலும் காரணம் சொல்கிற சாய்சரண் ரூஹியைப் பார்த்தான், ரூஹி சாய்சரணைப் பார்த்தாள். முனியம்மாளும் யோசித்தாள். இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணும் செய்ய மாட்டோம்," என்றாள் கடைசியில். "அது பாட்டுக்கு மாட்டிக்கினு இருக்கும். தூசி கூட தட்ட மாட்டோம். அதான் ஆளு வந்துடுவாங்களே."

தமிழ்நிலா சொல்ல, மிஸ் அதைக் கேட்டு மெதுவாகத் தலையசைத்தார். முனியம்மாள் பல்பின் வயரைப் பிடுங்கினாள். மாலையைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒற்றைச் சம்பங்கி இதழையும் நகத்தால் எடுத்துப் போட்டாள். பிறகு மிஸ்ஸின் எதிரில் வந்து நின்று, அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இதற்குத்தானே வந்திருந்தாள்.

"எம்பொண்ணு அங்க வந்தா, பேசறதுக்கு உங்களுக்குப் போட்டோ வேணாம்," என்றாள். "லீவு நாள்ல கூப்ட்டு வெச்சு சோறு போடுங்க. ஒல்லியா கீறா."

தமிழ்நிலாவுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தைகூட வரவில்லை. ரூஹிதான் முந்திக்கொண்டு சொன்னாள். மிஸ் முனியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சாய்சரண் அவசர அவசரமாகக் கேசரியைத் தட்டுகளில் போட்டான்.

இறங்கி வரும்போது படம் முனியம்மாளின் கட்டைப்பையில் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது தமிழ்நிலா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்கம்மா மாட்டப் போற? அப்பா பக்கத்துலயா?"

"சே," என்றாள் முனியம்மாள். "அங்க வேணாம். வாசப்படிக்கு எதிர்ல மாட்றேன். நீ வந்து கதவத் தொறந்தியானா மொதல்ல கண்ணுல படும்."