ஆடிச் சீரில் ஒன்பதாம் நம்பர்

ஆடி முதல் ஞாயிறன்று சிதம்பரத்தில் என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மணவாளன் ஆகிய நான். என் தங்கை மங்கலம். அவள் கணவர் கோவிந்தசாமி, ஊர் ஸ்ரீமுஷ்ணம். என் மகள் சத்யப்பிரியா. அவள் கணவர் சேரன். இவர்களில் தங்கையும் அவள் கணவரும் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார்கள். அதன் பிறகு நடந்தது மீதி மூவருக்குத்தான் தெரியும். வேறு யார் எதைச் சொன்னாலும் அது கேள்விப்பட்டதுதான்.

என் மனைவி காலமான மறு வருடம் மகளின் கல்யாணம் பெங்களூரில் பதிவு அலுவலகத்தில் நடந்தது. எனக்குத் தகவல் பிறகுதான் வந்தது. நான் வாழ்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. பேசவில்லை. அவர்கள் வேலைக்காக நார்வே போனார்கள். இரண்டு ஆடி கழிந்தது. எங்கள் குடும்பத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலை ஆடி செய்யவில்லை என்ற பேச்சு அதுவரை இருந்ததில்லை. மூன்றாவது ஆடிக்கு முன் நானே போன் செய்து, சீர் வைக்க வேண்டும், வாருங்கள் என்றேன்.

"வரோம்ப்பா" என்றாள் மகள். "திருவதிகையில அவுங்க வீட்ல தங்கிக்கிறோம். ஒங்களுக்கு எதுக்கு சிரமம்? மத்தியானம் வந்து சாப்டுட்டுப் போறோம்."

அவள் அறை இந்த வீட்டில் அப்படியே இருக்கிறது. ஒரு ராத்திரியாவது அதில் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதை நான் சொல்லவில்லை. கூப்பிட்டதே அதிகம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைக்கு மோதிர அளவு கேட்டேன். அவர் மோதிரம் போடுவதில்லையாம். போனை அவரே வாங்கிப் பேசினார்.

"எனக்கு எதுவும் வேணாம் மாமா. ஊருக்கு வரும்போது வெள்ளாத்து முகத்துவாரத்துல மீன் பிடிக்கணும்னு ஆசை. அதுக்குத் தூண்டில்ல போடுற கயிறு, ஃப்ளை லைன்னு ஒண்ணு வேணும், அத நானே ஆர்டர் பண்ணிக்கிறேன். இங்க நான் போடுறது குளுரு தண்ணி லைன். நம்ம ஊரு வெயில்ல வெந்த சேமியா மாதிரி தொங்கிடும்."

"என் வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை தன் சாமானத் தானே வாங்கிட்டு வர வேணாம். எதுன்னு சொல்லுங்க."

பிறகு சொன்னார்: உப்புத் தண்ணீருக்கானது, வெப்பக் கடலுக்கென்று போட்டிருக்க வேண்டும், மிதக்கிறது, நம்பர் எட்டு.

கடலூர் முதுநகரில் வலையும் நைலான் நரம்பும் முள்ளும் விற்கும் இளவரசு எனக்குப் பழக்கம். அவர் இந்தச் சாமானை விற்றதில்லை. சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டுப் படங்களை வரவழைத்தார். ஒரே போனின் மேல் இருவரும் குனிந்துகொண்டு, இங்கிலீஷை நான் படிக்க அவர் கேட்டார்.

"ஈயம் எங்க சார் கட்றது?"

"ஈயம் இல்லையாம். முள்ளுல இறகு கட்டியிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப எப்பிடி சார் தூரமாப் போவும்? இறக வுட்டெறிஞ்சா மூஞ்சிலதான் வந்து ஒட்டும்."

எனக்கும் அதே சந்தேகம்தான். மறுபடி படித்தபோது புரிந்தது. சாதாரணத் தூண்டிலில் ஈயம் முன்னால் போகும், நரம்பு பின்னால் ஓடும். இதில் எடையே கயிற்றில்தான் இருக்கிறது; நம்பர் என்பது அந்த எடைக்குத்தான். கழியை வீசினால் கயிறு தானாகப் போய், எடையில்லாத ஒன்றைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

மூழ்கும் கயிறு வேகமாக ஆழத்துக்குப் போகும் என்றிருந்தது. மூழ்குவதை மாப்பிள்ளைக்கு வைப்பதற்கில்லை. மிதப்பதில் வெள்ளை, நீலம், மஞ்சள் இருந்தன. மஞ்சளைச் சொன்னேன்.

"நம்பரு எட்டா சார்?"

"எட்டு வேணாம்."

"கழி எட்டுன்னா லைனும் எட்டுன்னு போட்டிருக்கே."

"எங்க வீட்டுச் சீர்ல எட்டு வச்சதில்ல. தாம்பாளம்கூட ஏழு, இல்லாட்டி ஒம்பதுதான்."

"அப்ப ஏழு சொல்லிடட்டா?"

"கேட்டதுக்குக் கொறைச்சு வைக்கிற வீடா எங்க வீடு?"

இளவரசு சிரிக்காமல் ஒன்பது என்று சொல்லி முடித்தார்.

அந்த ஞாயிறன்று ஒன்பது தாம்பாளம் வைத்தேன். வேட்டி சட்டை, சேலை, பழம், வெற்றிலை பாக்கு, பூ, இனிப்பு எல்லாம் முறையாக. நடுவில் லைன் இருந்த பெட்டி. மாப்பிள்ளை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

கோவிந்தசாமி எட்டிப் பார்த்தார். "இன்னா மச்சான், தூண்டிக் கயிறா? அடுத்த ஆடிக்கு வலையும் படகுமா?"

"சும்மா கெடங்க. அவரு கேட்டததான அண்ணன் வாங்கியிருக்கு" என்றாள் மங்கலம்.

மகள் பெட்டியைப் பார்த்துவிட்டாள். "அப்பா, எட்டுன்னுதான சொன்னாரு?"

"எட்டு இந்த வீட்ல வைக்கிறதில்ல."

"ஒம்பது இஞ்சு காலுக்கு எட்டு இஞ்சு செருப்பு வாங்குவாங்க, பாத்திருக்கேன்" என்றார் கோவிந்தசாமி. "மச்சான் தலைகீழா வாங்கியிருக்காரு."

அப்போது மாப்பிள்ளை பேசினார். "ஆடிக் காத்து எப்பிடி அடிக்குது பாருங்க. இந்தக் காத்துக்கு ஒரு நம்பர் ஜாஸ்தி இருந்தா நல்லதுதான். மாமா யோசிச்சுதான் வாங்கியிருக்காரு."

நான் காற்றை யோசிக்கவில்லை. அவர் சொன்னது உண்மையா, என் முகத்துக்காகச் சொன்னதா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இரக்கத்தை நான் யாரிடமும் வாங்கியதில்லை. சாயங்காலம் அவர்கள் மீன் பிடிக்கப் பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பியபோது, நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். மகள் காரில் முன் சீட்டை எனக்கு விட்டாள்.

முகத்துவாரத்தில் காற்று மணலை அள்ளி முகத்தில் போட்டது. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை நார்வேயிலிருந்து கொண்டுவந்த பழைய லைனை முதலில் போட்டார். அவர் சொன்னபடியே துவண்டு, எதிர்க்காற்றில் திரும்பி வந்து அவர் தோளிலேயே விழுந்தது. பிறகு மஞ்சளைப் போட்டார். அது காற்றை அறுத்துக்கொண்டு போய் ஆற்றின் நடுவில் நீளமாகப் படுத்தது. மறுபடியும் போட்டார், மறுபடியும் போனது. நான் கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

ஒரு கொடுவா கடித்தது. முழங்கை நீளம்கூட இல்லை. முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டார்.

"ஏன் வுட்டீங்க?"

"சின்னது மாமா. வளரட்டும்."

சிறிது நேரம் லைனைச் சுருளில் சுற்றிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமல் சொன்னார். "காலையில ஓதம் ஏறி கடத்தண்ணி உள்ள வரும்போது போட்டா இன்னும் நல்லா இருக்கும். திருவதிகையிலேருந்து வந்தா நேரமாயிடும்."

"ரூம் இருக்கு" என்றேன்.

மகள் கடலைப் பார்த்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மணல் நிறையப் பறந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி அந்த அறையில் விளக்கு எரிந்தது. காலையில் மறுபடி போனோம். மத்தியானம் அவர்கள் கிளம்பினார்கள். வேட்டி, சேலை, பழம் எல்லாம் காரில் ஏறின. லைனை மட்டும் மாப்பிள்ளை சுருளோடு கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இது அங்க குளுருல கம்பி மாதிரி வெறைச்சிக்கும் மாமா. இங்கதான் ஆவும். உப்பு போக நல்ல தண்ணியில அலசி நெழல்ல வைங்க. அப்பப்ப நீட்டித் தொடைச்சு வச்சா மடிப்பு விழாது."

எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. மோதிரம் போட்டிருந்தால் அது விரலோடு போயிருக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

மாதம் ஒருமுறை அதை அலசுகிறேன். நூறு அடி நீளம், கூடம் போதாது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். மாடியும் போதாமல் மூலையில் திருப்ப வேண்டியிருக்கிறது. இன்னொரு ஆள் இருந்தால் சுலபம். ஈரத் துணியால் தொட்டிவரை துடைத்துக்கொண்டு போய், காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டு திரும்பி வருவேன். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தும் பெண் முதலில் நின்று பார்த்தாள். இப்போது பார்ப்பதில்லை. துடைத்தபின் சுற்றி, மகளின் அறை அலமாரியில் வைத்து, விளக்கைப் போட்டு ஒருமுறை சரிபார்த்து, அணைத்துவிட்டு வருகிறேன்.

ஐப்பசியில் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது காதில் விழுந்தது. மணவாளன் பொருந்தாத நம்பரில் சீர் வைத்தாராம், மாப்பிள்ளை அதை அவர் வீட்டிலேயே எறிந்துவிட்டுப் போய்விட்டாராம். ஊரெல்லாம் இதுதான் பேச்சு என்று பிறகு தெரிந்தது.

அப்படி இல்லை. நம்பர் காற்றுக்குப் பொருந்தியது. மாப்பிள்ளை சீரை வாங்கிக்கொண்டார். அது நார்வே குளிரில் விறைக்கும் என்பதால் இங்கே இருக்கிறது.