பங்களாவுக்குப் போன பால்சுறா

எங்கள் குப்பத்து ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு என்று சொல்லிப் பால்சுறா கேட்டால், போட்டிக்கு யாரும் விலை ஏற்றமாட்டோம். தாய்க்குப் பால் ஊறட்டும் என்று விட்டுக்கொடுப்போம். ஆனால் எந்த வீட்டுக்கு என்று சொல்லியாக வேண்டும். பொய் சொல்லி வாங்கினவர்களை அப்புறம் ஏலத்தில் சேர்ப்பதில்லை.

வச்சலா கூடை சுமந்து மீன் விற்கிறவள். புருஷன் இல்லை. ஏலத்தில் சேர்க்காவிட்டால் அவளுக்குச் சோறு போச்சு. கடற்கரைச் சாலைப் பங்களாவுக்கு எப்போதும் வஞ்சிரம்தான் கொடுப்பாள். ஒருநாள் அங்கே வாட்ச்மேன் சுதாகர் பால்சுறா கேட்டான். யாருக்கு என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பால்சுறா கேட்ட பிறகு அதை வேறு கேட்க வேண்டுமா? மறுநாள் ஏலத்தில் வாய் நிறையச் சொன்னாள்.

"பங்களாவுல பச்ச ஒடம்புக்காரி கீறா. ரெண்டு சுறா எனக்கு வுடுங்க."

விட்டோம். பங்களா யாருடையது என்பது அப்புறம்தான் உறைத்தது. டெல்லியில் இருக்கும் ஒரு பெரிய கட்சித் தலைவருடையது. மனைவி பக்கத்தில் இல்லாமல் போட்டோவுக்கே நிற்காதவர். மேடைக்கு மேடை குடும்ப ஒழுக்கத்தைப் பற்றி இந்தியில் முழங்குவார். அதை உடனுக்குடன் தமிழில் சொன்னவள் சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ப் பெண் ஜெயப்பிரியா. கொஞ்ச காலமாக அவளை மேடையில் காணோம். குப்பத்தில் வாய்க்கு வாய் பேச்சு ஓடி, அந்த வாரமே டிவிக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தலைவர் டெல்லியிலிருந்து கூசாமல் சொன்னார்: பங்களா பூட்டிக் கிடக்கிறது, அங்கே யாருமே இல்லை. கேட்டைத் தாண்டிப் போகிற எங்கள் காதில் குழந்தை அழுகை விழுந்துகொண்டுதானே இருந்தது.

தன் வாயால் வந்த வினை என்று வச்சலா அழுதாள். கேட் முன்னால் மைக்கை நீட்டியதும் அழுகையை நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள யாரும் இல்ல. சுறாவுக்கு ஆசப்பட்டு நான்தான் பொய் சொன்னேன்."

ஏலம் விடும் தாண்டவராயன் அங்கேதான் நின்றிருந்தார். அவள் இப்போது சொல்வதுதான் பொய் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஊர் முன்னால் சொன்ன சொல் சொன்னதுதான். இனிமேல் கரைக்கு வராதே என்றார். வச்சலா தலையாட்டினாள்.

அப்போது கேட் திறந்தது. தலையில் துணி கட்டி, டவலில் சுற்றிய பிள்ளையோடு ஜெயப்பிரியா வெளியே வந்தாள். கேமராக்களைப் பார்க்காமல் நேரே தாண்டவராயனிடம் போனாள்.

"அண்ணாத்த, அக்கா ஏலத்துல பொய் சொல்லல. சுறா எனக்குத்தான் வந்துச்சு."

தலைவர் யாருமே இல்லை என்கிறாரே என்று ஒரு நிருபர் கேட்டார்.

"அவரு பேசுனத எல்லாம் நான்தான் தமிழ்ல சொன்னேன். இத மட்டும் என்னால சொல்ல முடியாது."

சாயங்காலமே பங்களாவைக் காலி செய்யச் சொல்லி டெல்லியிலிருந்து போன் வந்தது. பெற்ற வீட்டிலும் அவளுக்குக் கதவு திறக்கவில்லை.

மறுநாள் ஏலத்தில் வச்சலா பால்சுறா கேட்டாள். எந்த வீட்டுக்கு என்று தாண்டவராயன் வழக்கப்படி கேட்டார்.

"என் வூட்டுக்கு" என்றாள்.

போட்டிக்கு யாரும் விலை ஏற்றவில்லை.