பதினேழாம் தட்டு

திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஆறு வருஷமாகியும் கோலப்பன் செய்த கூழ் ஒன்றுகூட உருப்படவில்லை. கடற்பாசிச் சத்தையும் மாட்டுத்தோல் ஜெலட்டினையும் கலந்து, மனித செல்கள் தங்கி வளர ஒரு மெத்தை செய்ய வேண்டும். பாசி கூடினால் செல்களுக்குப் பிடிமானம் இருக்காது. ஜெலட்டின் கூடினால் உடம்புச் சூட்டுக்கே கரைந்து ஓடிவிடும். மனுஷன் அலுத்துப்போயிருந்தார்.

1998 ஜனவரியில் ஒருவழியாகப் பிடித்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று போடும் தொப்புள்கொடிகளை வாங்கிவந்து அவற்றிலிருந்துதான் செல்களைப் பிரித்தெடுப்பார்கள். பெற்றவளிடம் கேட்பதில்லை, கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதுமில்லை. பதினேழாம் தட்டின் கூழில் போட்டவை மட்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடித்து, ரத்தக்குழாய் மாதிரி நீண்டு வளர்ந்தன. கோலப்பன் துள்ளிக் குதிக்காத குறை.

பத்தாம் நாள் ராகேல் வந்து நின்றாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, இருபது வயசிருக்கும். பிறந்த மூன்றாம் நாளே அவள் பிள்ளை இறந்துபோயிருந்தது. கொடி இங்கே வந்ததாக நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

"அதத் தந்துருங்க சாரே. பிள்ளைக்குப் பக்கத்துல புதைச்சிருதேன்."

கோலப்பன் நோட்டைப் புரட்டினார். பதினேழு. தூரப் போட்டாயிற்று என்று சொல்லியிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மை வாய்தவறி வந்துவிட்டது.

"கொடி இல்ல மோளே. அதுலேருந்து எடுத்தது கொஞ்சம் உயிரோட இருக்கு."

மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"இதுக்கு என்ன சாப்பாடு?"

இரண்டு நாளைக்கொருதரம் சத்துநீர் மாற்றுவதாகச் சொன்னார்.

"அப்பம்னா புதைக்க வேண்டாம். பட்டினி போட்டிராதீங்க, கேட்டோ."

மாசாமாசம் முதல் சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். கோலப்பனின் நிம்மதி அன்றோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் ஓடிவந்து சத்துநீர் மாற்றினார். சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சிசு வீறிடும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். தட்டிருக்கும் அறைக்குள் தனியே போகவே பயந்தார். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை. எத்தனை தடவை பிரித்துப் புதுக்கூழில் போட்டாலும், இந்தச் செல்கள் ஓரளவுக்குமேல் பெருகாது, கிழடாகிச் செத்துவிடும்.

மே மாசம் பெருகுவது நின்றது. ஜூனில், அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, எல்லாம் செத்துக் கிடந்தன. செத்த செல்களை பிளீச்சில் கொட்டிக் கழுவுவது அங்கே விதி. பழகிய கை தன்பாட்டுக்குக் கழுவி முடித்த பிறகுதான் ராகேல் முதல்நாள் கேட்டது அவருக்கு நினைவு வந்தது. புதைக்கக்கூட அவளுக்கு இனி ஒன்றுமில்லை.

பக்கத்துத் தட்டில், அதே கூழில், யாரோ பெற்ற குழந்தையின் செல்கள் செழித்துக் கிடந்தன. கோலப்பன் அதன் மூடியில் பதினேழு என்று எழுதினார். பாவம் என்று தெரிந்தேதான் எழுதினார்.

சனிக்கிழமை ராகேல் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முதல்முறையாகச் சிரித்தாள்.

"நல்லா வளந்துட்டான் சாரே. இப்பத்தான் அவங்க அப்பா ஜாடை தெரியுது."

"ஆமா மோளே" என்றார் கோலப்பன். இதுவும் கிழடாகிச் செத்ததும் இன்னொரு பிள்ளை தேட வேண்டுமென்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.