மேஜைக்கு மேஜை சாக்பீஸ் கோடு

செருப்புக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். கை அவ்வளவு வேகம். எதிர் மேஜையில் நிற்பவள் அவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. மொட்டைமாடிக் கொடியில் யார் துணியை யார் எடுத்துப் போட்டது என்று மூண்ட சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று மாதக்கணக்காகிறது.

கோபம் கோபந்தான். அதற்காக ஒருத்தி பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட முடியுமா? மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து ஓரகத்தியின் வலது மணிக்கட்டில் பிடிமானமே இல்லை. செருப்புகளை அடுக்கி மூடிவிடுவாள். பெட்டியைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்க வராது. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் மின்னல் வாயே திறக்காமல் போய், பெட்டியைத் தூக்கி வந்து, தன் மேஜையில் வைத்து இறுக்கி, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.

எங்கே என்ன வீணாகிறது என்று பார்க்க அன்று மேனேஜர்கள் கீழே இறங்கி வந்தார்கள். பெரிய மேனேஜர் சாக்பீஸும் கையுமாக நின்று, யார் நடந்தாலும் அந்த வழியே தரையில் ஒரு கோடு இழுத்தார். மத்தியானத்துக்குள் இரண்டு மேஜைக்கும் நடுவே தரை வெளுத்துப் போயிற்று. பெரிய மேனேஜர் மின்னலிடம் வந்தார்.

"என்னம்மா இது, பெட்டி எதுக்கு ஊர்கோலம் போயிட்டு வருது?"

"அவங்க கட்டினா லூசா இருக்கும் சார். எனக்குப் பொறுக்காது. நான்தான் பிடுங்கிட்டு வந்துடுவேன்."

"அப்ப உன்னை வேற பிரிவுக்கு மாத்த வேண்டியதுதான்."

தான் போய்விட்டால் பெட்டியை யார் இறுக்குவது என்பது மின்னலுக்கு அப்புறந்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்றா சார்." ஓரகத்தி முன்னால் வந்து வலது கையை நீட்டினாள். "எனக்குத்தான் கை வராது. எனக்காகத்தான் நடக்கிறா. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

பெரிய மேனேஜர் அந்தக் கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் அவசரப்பட மாட்டார். அவர் வாய் திறப்பதற்குள் மின்னலுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இதுல வீணாப் போறது நடைதான். மேஜைகளை ஒட்டிப் போடுங்க. நீங்க அடுக்குங்க, இவ கட்டட்டும். நாள் முழுக்கப் பக்கத்துல பக்கத்துல நிக்கணும். ரெண்டு பேருக்கும் ஒத்துவருமா?"

பாவம், அவருக்கு என்ன தெரியும்! வீட்டில் எல்லாரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்த கேள்வி அது. மின்னல் விழித்துக்கொண்டு நின்றாள். ஓரகத்தி தன் மேஜையின் விளிம்பை இடது கையால் பற்றி இழுத்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

"மரம் மாதிரி நிக்கறியே," என்றாள் மின்னலைப் பார்த்து. "அந்தப் பக்கம் பிடியேன்டி."