இரண்டாவது அடுப்பு

அந்த இரண்டாவது அடுப்பைப் போடச் சொன்னதே விமலேஸ்வரிதான்.

அவர்களுடைய ஊரான ஒட்டுசுட்டானுக்கு அரசாங்க வீட்டுத்திட்டம் வந்திருந்தது. தனிக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கே வீடு. தனியாகச் சமைக்கிறவர்களுக்கே தனி அட்டை. மகன் கிருசாந்தனும் மருமகள் சுதாஜினியும் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுடைய பானையில்தான் சாப்பிட்டார்கள். காணியின் மறுகரையில் நாலு தகரத்தைச் சாத்தி ஓர் அடுப்பைப் போடுங்கள், கிராம அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை நடித்தால் போதும் என்று அவளே யோசனை சொன்னாள். அரசாங்கத்தை ஏய்ப்பதில் இவளை மிஞ்ச ஆளில்லை என்று புருசன் அப்புத்துரை சிரித்தார்.

அலுவலர் வர மூன்று மாதம் பிந்தியது.

முதல் வாரம் சுதாஜினி அங்கே புகை காட்டிவிட்டு இங்கே வந்து சாப்பிட்டாள். பிறகு தேத்தண்ணீர் அங்கேயே. பிறகு இரவுப் புட்டும். ஒருநாள் மத்தியானம் நாலு பேருக்கும் மீன் குழம்பு வைத்துவிட்டு விமலேஸ்வரி காத்திருந்தாள். அவர்கள் வரவில்லை. தகரத்துக்கு அப்பால் கிருசாந்தன் சிரிப்பது கேட்டது. தன் வீட்டில் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. குழம்பை நாய்க்கு ஊற்றினாள். அன்றோடு மருமகளுடன் கதைபேச்சு நின்றது. மருமகளும் வலியக் கதைக்க வரவில்லை.

அலுவலர் ஒரு செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து, முற்றத்துக் கதிரையில் அமர்ந்து படிவத்தை விரித்தார். வேறுவேறாகத்தான் சமைக்கிறீர்களா என்று கேட்டார். அப்புத்துரை ஓம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"பொய்," என்றாள் விமலேஸ்வரி. "வீட்டுக்காகப் போட்ட நாடகம். எல்லாரும் என்ரை பானையிலைதான்."

தான் சொல்வதுதான் இப்போது பொய் என்று அவளுக்குத் தெரியும். வீடு போனால் போகட்டும்; தகரம் கழன்றால் பிள்ளை திரும்பி வந்துதானே ஆகவேண்டும்.

சுதாஜினி கோபப்படவில்லை. அதுதான் விமலேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"மாமி ரெண்டு மாசமா எங்கடை பக்கம் வரேல்லை, சேர். அவாக்குத் தெரியாது. நீங்கள் வந்து பாருங்கோ."

அலுவலர் போய்ப் பார்த்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. தகரம் கரி பிடித்திருந்தது. திரும்பி வந்து கிருசாந்தனைக் கேட்டார்.

"தம்பி, நீர் எங்கை சாப்பிடுறனீர்?"

அவன் தாயைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அங்கை," என்றான் தகரத்துப் பக்கம் கையைக் காட்டி. "இனியும் அங்கைதான்."

அலுவலர் எழுதினார். விமலேஸ்வரியின் அட்டையில் இரண்டு பெயர்கள் வெட்டுப்பட்டன. மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்தது.

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். கப்பியிலிருந்து கயிற்றை உருவி வாளியோடு சுருட்டினாள்.

"அடுப்பு வேறெண்டால் தண்ணியும் வேறைதான். கிணறு என்ரை பக்கத்திலை."

"அவன் நீ பெத்த பிள்ளையடி," என்றார் அப்புத்துரை.

"அட்டையிலை இல்லை."

வாளியைக் குசினிக்குள் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். யாராவது வந்து தட்டுவார்கள் என்று கதவோடு நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு தகரத்துப் பக்கமிருந்து மண்வெட்டி நிலத்தில் இறங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.