பானெட்டின் உள்பக்கம்

கார் கண்காட்சி தொடங்க இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. கிடர்பூர் முழுக்க விஸ்வகர்மா பூஜை. ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்பேனர்கள் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தன. வானத்தில் காற்றாடிகள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டிருந்தன. கலியனின் ஷெட்டில் மட்டும் கிரைண்டர் அலறியது.

பழைய ஃபியட் அது. கூரையை வெட்டியெடுத்தாயிற்று. கதவுகள் இறக்கைபோல் மேலே எழும்ப வேண்டும். அந்தக் கீல்கள்தான் பாக்கி. பவானிபூரில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் சேட் ஒருவருக்கான வேலை, கலியனின் மகன் பிரேம்குமார் பிடித்து வந்தது. காருக்கு முன்னால் பலகை வைப்பார்கள், அதில் கலியன் மோட்டார் ஒர்க்ஸ் என்று இருக்கும் என்று அவன் சொன்ன நாளிலிருந்து கலியனுக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரார் கார்களுக்கு ஒடுக்கு எடுத்தவர். அவர் பெயரை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை.

வங்காளி வெல்டர் நிமாய் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“இன்னிக்கு வெல்டிங் டார்ச்சைத் தொட மாட்டேன், தாதா. வருஷத்துல ஒரு நாள்.”

“அவசரம்னா உங்க சாமிக்குப் புரியும்டா.”

“உங்க ஆயுத பூஜைக்கு நான் இப்படிச் சொன்னேனா?”

இனி வரவே வேண்டாம் என்றார் கலியன். பதினான்கு வருடப் பழக்கம். நிமாய் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கீல்களைக் கலியனே பற்றவைத்தார். இடது உள்ளங்கை வெந்தது.

ஷெட்டில் பெயிண்ட் கலப்பது மகள் தமயந்தி. கெமிஸ்ட்ரி படித்தவள், அதிகம் பேசமாட்டாள். எந்த வண்டி வெளியே போனாலும் பானெட்டின் உள்பக்க மூலையில், மெல்லிய பிரஷ்ஷால் அப்பா பெயரை எழுதுவாள். திறந்து பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு மட்டும் தெரியும் பெயர்.

மறுநாள் காலை பிரஷ்ஷோடு வந்தாள்.

“அண்ணா, எழுதிடட்டுமா?”

“பெயிண்ட் காயல. அப்புறம்.”

மத்தியானமும் பிரேம்குமார் அதையே சொன்னான். அவன் டீ குடிக்கப் போனபோது பானெட்டைத் தூக்கி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். ரேகை விழவில்லை. பெயிண்டை இறுக வைக்கும் ஹார்ட்னரை அளந்து ஊற்றியதே அவள்தான். அவளைத் தவிர உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கக்கூடிய பொய்.

லாரி பின்னால் நகர்ந்து வந்து நின்றது. கலியன் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, வெந்த கையின் கட்டை மறைத்துக்கொண்டு நின்றார்.

“பலகைய எந்தப் பக்கம் வைப்பாங்க பிரேமு? போட்டோவுல வுழுமா?”

“பார்த்துக்கலாம்பா. ஏறுங்க.”

“நீ எழுதிட்டியாம்மா?”

தமயந்தி பிரஷ்ஷைத் துடைத்தாள். “இல்லப்பா.”

“ஏன்?”

“காயலன்னு அண்ணா சொல்லுது. நேத்தே காஞ்சிடுச்சு.”

லாரி டிரைவர் எஞ்சினை அணைத்தார். கலியன் மகனைப் பார்த்தார். மகன் டயரைப் பார்த்தான்.

“சொல்லுடா.”

“பலகை போன மாசமே எழுதியாச்சுப்பா. சேட்டு கடைப் பேருதான். வண்டியில எங்கயும் நம்ம பேரு இருக்கக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டுதான் இந்த வேலைய வாங்கினேன்.”